மரமும் பூச்சியும்: கடல் கடந்த ஆய்வுக் கல்வி

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருந்தெருவில் ஏறத்தாழ நடுவழியில் அமைந்திருக்கிறது வரக்காப்பொல. வழிப்போக்கர் அங்கே வண்டியை நிறுத்தி எள்ளுருண்டை வாங்கிச் செல்வது நெடுநாளைய வழக்கம். ஊரைச் சுற்றிலும் இறப்பர்த் தோட்டங்கள். கேகாலைப் பக்கமாக உயர்ந்து செல்லும் சரிவுகளில் தேயிலை. வீட்டு முற்றங்களிலும் லயன்களின் பின்புறங்களிலும் பலா. பலாவின் கீழே விளையாடும் பிள்ளைகள் ஒரு காட்சியை நன்கறிவர். விரல் நீளமுள்ள பிஞ்சு போன்றவை கறுத்து, நரைத்த பூஞ்சணம் படர்ந்து, மரத்தடியில் விழுந்து கிடக்கும். பிஞ்செல்லாம் உதிர்ந்துவிட்டனவே என்று பெரியவர்கள் வருந்துவதும் உண்டு. உண்மையில் அவற்றுட் பெரும்பாலானவை பிஞ்சுகள் அல்ல. ஆண் பூக்கள் செறிந்த கொத்துகள். பலாவில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில், ஆனால் வெவ்வேறு கொத்துகளில் தோன்றும். ஆண் கொத்து மகரந்தத்தைத் தந்தபின் பங்கசு பிடித்து அழுகி விழும். பெண் கொத்து நிலைத்துப் பழமாகும்.

அப்படியாயின் ஆண் கொத்திலிருந்து பெண் கொத்துக்கு மகரந்தத்தைக் கொண்டு செல்வது யார்? பழம் தவறாமல் வந்துகொண்டிருந்தமையால் இக்கேள்வியை எழுப்ப வேண்டிய தேவை ஊராருக்கு ஏற்படவில்லை. காற்றே கொண்டு செல்கிறது என எழுதியோரும் உண்டு. 2000ஆம் ஆண்டில் யப்பானிய ஆய்வாளர் சிலர், போர்ணியோத் தீவின் சரவாக் காட்டிலே பலாவின் நெருங்கிய உறவாகிய செம்படாக் மரத்தை ஆராய்ந்து ஒரு புதுமையான செய்தியை வெளியிட்டனர். அம்மரத்தின் ஆண் கொத்தில் வளரும் பங்கசை உண்பதற்கும், அங்கேயே முட்டையிடுவதற்கும் கண்ணுக்கு எளிதில் தென்படாத சிறு ஈக்கள் வருகின்றன. பெண் கொத்தில் பங்கசு இல்லை. ஆயினும் அதையும் அவை நாடிச் செல்கின்றன. செல்லும்போது உடலில் ஒட்டிய மகரந்தத்தை அங்கே விட்டுவிடுகின்றன. மரம், ஈ, பங்கசு என்னும் மூன்றும் சேர்ந்து நடத்தும் ஒரு குடும்பம் இது. 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், மயாமி நகருக்கருகே வளர்க்கப்பட்ட பலா மரங்களிலும் இதையொத்த சிறு ஈ ஒன்றே மகரந்தத்தைச் சேர்க்கிறது எனக் கண்டனர். விஞ்ஞான உலகம் அதுவரை அறியாத இனமாதலால் அதற்குப் புதுப்பெயரும் சூட்டினர். மேற்குத் தொடர்ச்சி மலைகளைத் தாயகமாகக் கொண்டு, இந்நாட்டு முற்றங்களை நிறைத்து நிற்கும் மரத்தின் இரகசியம், அம்மரத்தை மனிதர் கப்பலேற்றிக் கொண்டுபோய் நட்ட தூர தேசத்தில் வெளியாயிற்று.

இவ்வாறான கேள்விகளை ஆராயும் துறைக்குக் கூர்ப்புச் சூழலியல் என்று பெயர். உயிரினங்கள் தம் சூழலோடும் ஒன்றோடொன்றும் கொள்ளும் உறவைக் கூறுவது சூழலியல். தலைமுறை தலைமுறையாக அவை மாறிவந்த வரலாற்றைக் கூறுவது கூர்ப்பு. இவ்விரண்டையும் இணைத்து, இந்த உறவு ஏன் இவ்வாறு அமைந்தது, இதனால் யாருக்கு என்ன ஆதாயம், எவ்வளவு காலமாக இது நிலவுகிறது என வினவுவதே இத்துறையின் பணி. மரத்தையும் பூச்சியையும் இத்துறையினர் பெரிதும் விரும்பித் தேர்வதற்குக் காரணம் உண்டு. மரம் நூறு ஆண்டு நிற்கும். பூச்சியோ சில கிழமைகளில் ஒரு தலைமுறையை முடித்துவிடும். ஒரு மரத்தின் ஆயுட்காலத்துக்குள் அதைத் தின்னும் புழு நூற்றுக்கணக்கான தலைமுறைகளைக் கடந்து, தன்னை மாற்றிக்கொள்ள இடமுண்டு. அப்படியிருந்தும் காடு பச்சையாகவே நிற்கிறது. அது எப்படி என்பதே இத்துறையின் பழைய, பெரிய கேள்வி.

கிடைத்தற்கரியதை ‘அத்தி பூத்தாற்போல’ என்பர். அத்தி பூக்காமலில்லை, பூக்கள் யாவும் காய் போன்ற உறையின் உள்ளே மறைந்திருக்கின்றன. நுனியிலுள்ள நுண்ணிய துவாரத்தின் வழியே ஒரு சிறு குளவி தன் சிறகுகளை இழந்து உள்ளே நுழைந்து, மகரந்தத்தை வைத்து, முட்டையிட்டு மடிகிறது. பழத்தைப் பிட்டுப் பார்த்தோர் புழு என்று இகழ்ந்தவற்றுள் அத்திக்குக் கருவளம் தருவனவும் அடங்கும். ஆல், அரசு, அத்தி முதலிய இம்மரக்குலத்தில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உள. பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் உரிய குளவி வெவ்வேறு. இந்த உடன்படிக்கை பல கோடி ஆண்டுப் பழமையுடையது.

இவையெல்லாம் அறிவுக்கு விருந்தாகலாம், வயிற்றுக்கு என்ன பயன் என்று கேட்போர் இருப்பர். தோட்ட மக்களிடம் இக்கேள்வி எழுவது இயல்பே. மகனோ மகளோ படித்து முன்னேற வேண்டுமென்று கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் பொருள் சேர்க்கும் பெற்றோர், வண்டு பிடிப்பதற்கா இத்தனை படிப்பு என்று வியப்பதில் தவறில்லை. அவர்களுக்கு விடை தேயிலைச் செடியிலேயே இருக்கிறது.

தேயிலையும் ஒரு மரமே. கவ்வாத்து வெட்டி வெட்டி அதை இடுப்பளவுக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இடைநாட்டுத் தோட்டங்களில் கொழுந்தெடுப்போர், கையை வைத்ததும் கிளை படக்கென முறிவதைக் கண்டிருப்பர். முறிந்த இடத்தில் பென்சில் முனையளவு துவாரம் தெரியும். இரண்டு மில்லிமீற்றர் அல்லது சற்று மேற்பட்ட நீளமுள்ள கரிய வண்டு ஒன்றின் வேலை அது. 1868ஆம் ஆண்டில் ஐக்கோஃப் என்னும் செருமானிய அறிஞர், இலங்கையிலிருந்து கிடைத்த வண்டைக் கொண்டு அதற்கு விஞ்ஞானப் பெயரிட்டார். அவ்வண்டு மரத்தைத் துளைக்கிறதே அன்றி மரத்தைத் தின்பதில்லை. பெண் வண்டு தன் வாயினருகேயுள்ள சிறு பைகளில் ஒரு பங்கசின் வித்துகளைச் சுமந்து வருகிறது. துளைத்த சுரங்கத்தின் சுவரில் அதைப் பயிரிடுகிறது. குஞ்சுகள் அப்பயிரை உண்டு வளர்கின்றன. மனிதன் உழவு செய்யத் தொடங்கிப் பன்னீராயிரம் ஆண்டுக்கு மேல் ஆகவில்லை. இவ்வகை வண்டுக்கும் அதன் பங்கசுக்கும் இடையிலான உறவோ ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுப் பழமையுடையது என மரபணு ஆராய்ச்சியாளர் கணக்கிடுகின்றனர். இவ்வண்டின் குடும்ப ஒழுங்கும் வினோதமானது. ஆண்கள் மிகச் சில. அவற்றால் பறக்க இயலாது. சுரங்கத்திலேயே பிறந்து, உடன்பிறந்த பெண்களோடு இணைந்து, அங்கேயே மடிகின்றன. கருக்கொண்ட பெண் மட்டும் வெளியே வந்து பறந்து வேறு கிளையைத் தேடும். ஆகவே ஒரேயொரு பெண் வண்டு புதிய நாட்டில் இறங்கினாலும் ஒரு குலம் தோன்றிவிடக் கூடும்.

1925இல் நிறுவப்பட்டுத் தலவாக்கலையில் இயங்கிவரும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இவ்வண்டோடு நெடுங்காலம் போராடியிருக்கிறது. வண்டு பயிரிடும் பங்கசை அங்கே பணியாற்றிய காட், லூஸ் என்னும் இருவர் 1947இல் விவரித்துப் பெயரிட்டனர். அக்காலத்தில் இது இலங்கைத் தேயிலையின் தனிக் கவலையாகத் தோன்றியது. இந்த நூற்றாண்டிலோ இவ்வண்டுக் குலம் கடல் கடந்து, இஸ்ரேலின் ஆனைக்கொய்யாத் தோப்புகளையும், கலிபோர்ணியாவின் தெருவோர மரங்களையும், தென்னாபிரிக்க நகரங்களின் நிழல் மரங்களையும் தாக்கத் தொடங்கியது. ஒரே வண்டு எனக் கருதப்பட்டது உருவில் ஒத்த பல இனங்கள் என்பது 2018, 2019ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளால் தெளிவாயிற்று. எது எந்த இனம் என்று தீர்ப்பதற்கு, நூற்றைம்பது ஆண்டுக்கு முன் இலங்கையிலிருந்து போய்ச் சேர்ந்த அந்தப் பழைய மாதிரி வண்டையே திரும்ப எடுத்து நோக்க வேண்டியதாயிற்று. இலங்கைத் தேயிலை வண்டைப் பற்றிய அறிவுக்குப் பிற நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இன்று மதிப்பு உயர்ந்திருப்பதன் காரணம் இதுவே.

வண்டைவிட அதை ஒழிக்க எடுத்த முயற்சியின் கதை இன்னும் படிப்பினை மிக்கது. 1950களின் பிற்பகுதியில் இவ்வண்டைக் கொல்ல டீல்திரின் என்னும் நஞ்சைத் தோட்டங்களில் தெளித்தனர். நஞ்சு நன்றாக வேலை செய்தது. ஆனால் அதுவரை பெரிய தொல்லை தராத புழுக்கள் இலையை மொட்டையடிக்கத் தொடங்கின. இலையைச் சுருட்டி வாழும் புழு ஒன்றை அடக்குவதற்கென 1935-36ஆம் ஆண்டுகளில் யாவாவிலிருந்து ஒரு சிறு குளவி வரவழைக்கப்பட்டிருந்தது. புழுவின் உடலுக்குள் தன் சந்ததியை வளர்த்துப் புழுவைக் கொல்லும் அக்குளவி, கூலியில்லாமல் இருபது ஆண்டு உழைத்து வந்தது. நஞ்சு அதையும் கொன்றது. அதுபோலவே சுள்ளிப் புழு எனத்தக்க மற்றொன்றும் பெருகியது. அசையாது நிற்கும்போது காய்ந்த சுள்ளியைப் போலவே தோன்றும் புழு அது. அதன் பெருக்கத்துக்குக் காரணம் நஞ்சினால் அதன் இயற்கைப் பகைவர் அழிந்தமையே என்பதைத் தந்தநாராயண, கதிரவேற்பிள்ளை என்னும் இருவரும் ஆராய்ந்து, 1969இல் பிரித்தானியாவின் பிரயோகச் சூழலியற் சஞ்சிகை ஒன்றில் எழுதினர். ஒருவர் பூச்சிகளை அறிந்தவர். மற்றவர் எண்ணிக்கைகளை ஆளத் தெரிந்தவர். நஞ்சைக் கூட்டுவதன்று, குறைப்பதே வழி என்பது அக்கட்டுரையிலிருந்து பெறப்படும் முடிவு.

அதே 1969ஆம் ஆண்டில் தந்தநாராயணவின் வேறொரு கட்டுரையும் பிரித்தானியச் சஞ்சிகையில் வெளிவந்தது. அது தேயிலையைப் பற்றியதன்று. இங்கிலாந்தில் தரிசு நிலங்களில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஒரு புதரையும், அதன் வேர்முடிச்சுகளைத் தின்னும் ஒரு கூன்வண்டையும் பற்றியது. அந்தப் புதரின் கொப்புகளைக் கட்டி ஆங்கிலேயர் முற்காலத்தில் துடைப்பமாகப் பயன்படுத்தினர். அதற்கு மேல் அதற்குச் சந்தை மதிப்பில்லை. இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த சில்வூட் பார்க் நிலையத்தினர் அப்புதரில் வாழும் பூச்சிகளை ஆண்டுக்கணக்காக எண்ணினர். முட்டை எத்தனை, அவற்றுள் வளர்ந்தவை எத்தனை, மற்றவை எந்தக் கட்டத்தில் யாரால் மாண்டன என்று கணக்கு வைத்தனர். பயனற்ற புதரில் பயனற்ற வண்டை எண்ணுவது வீண் வேலையாகத் தோன்றலாம். ஆனால் எந்தக் கட்டத்தில் யாரால் மாண்டது என்று கேட்கும் பழக்கமே தேயிலைத் தோட்டத்துச் சுள்ளிப் புழுவின் புதிருக்கும் சாவியாயிற்று. வெளிநாட்டு ஆய்வுக் கல்வி தருவது அந்தப் பழக்கத்தையே. நாடு திரும்பும்போது கூன்வண்டு கூடவருவதில்லை. கேட்கும் முறை கூடவருகிறது.

சபரகமுவ மாகாணத்திலேயே இதற்கு இன்னொரு சான்று உண்டு. இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து தெற்கே விரியும் சிங்கராஜ வனத்தில் 1970களின் தொடக்கத்தில் இயந்திரங்களைக் கொண்டு மரம் வெட்டினர்; 1977இல் அது நிறுத்தப்பட்டது. பிரித்தானியாவில் கலாநிதிப் பட்டம் பெற்றுப் பேராதனைக்குத் திரும்பிய நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க தம்பதியர் அவ்வனத்தையே தம் வாழ்நாள் ஆய்வுக்களமாக்கிக் கொண்டனர். 1990களில் 25 ஹெக்டேயர் நிலத்தில் ஒரு சென்ரிமீற்றர் விட்டத்துக்குக் குறையாத மரந்தண்டு ஒவ்வொன்றையும் அளந்து, இலக்கமிட்டுப் பதிந்தனர். ஏறத்தாழ இரண்டு இலட்சம் தண்டுகள்! அவ்வனத்தில் ஓங்கி நிற்கும் பெரலிய மரங்களின் பூக்களுக்கு எந்தப் பூச்சிகள் வருகின்றன என்று ஆராய்ந்து 1990இல் கட்டுரை வெளியிட்ட குழுவில் அவ்விருவரோடு, செ. தயானந்தன் என்னும் இளம் ஆய்வாளரும் இருந்தார். மரக்கிளைகளின் உயரத்துக்கு ஏறி, மலைத்தேனீயின் வருகையையும் வேறு பூச்சிகளின் வருகையையும் கவனித்த ஆய்வு அது. தயானந்தன் பின்னர் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். அதே மரக்குடும்பத்தின் வமிசாவளியை மரபணு கொண்டு வகுத்த 1999ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதலாசிரியர் அவரே. கனடாவின் மொன்றியல் நகரத்துக் கொங்கோடியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் ஆனார். ஒருசாரார் திரும்பி வந்தனர். ஒருவர் அங்கேயே தங்கினார். இரு வகையினரும் இந்நாட்டு மரங்களைப் பற்றிய அறிவைப் பெருக்கியிருக்கின்றனர்.

இனி, இக்கல்வியைப் பெறும் வழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கேதான் மக்களிடையே தவறான எண்ணங்கள் மிகுதி. வெளிநாட்டுப் படிப்பு என்றதும் காணியை ஈடு வைத்தல், நகையை விற்றல், முகவருக்குப் பணம் கட்டுதல் ஆகியவையே பலருக்கு நினைவு வருகின்றன. இளமாணிப் பட்டத்துக்கும் சில முதுமாணிப் பட்டங்களுக்கும் அது ஓரளவு உண்மை. கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு, அதிலும் இயற்கை விஞ்ஞானங்களில், நிலைமை நேர்மாறானது. அங்கே மாணவர் கட்டணம் செலுத்துவோர் அல்லர், வேதனம் பெறுவோர். ஆய்வு மாணவரின் உழைப்பின்றிப் பேராசிரியரின் ஆய்வுகூடம் நடவாது என்பதே இதன் காரணம். அறத்தால் கொடுக்கும் கொடையன்று, வேலைக்குரிய ஊதியம்.

நாட்டுக்கு நாடு முறை வேறுபடும். சுவீடனில் கலாநிதிப் படிப்புக்குக் கட்டணமே இல்லை. மாணவரைப் பல்கலைக்கழகம் ஊழியராகவே நியமித்துச் சம்பளம் கொடுப்பது வழக்கம். செருமனியிலும் பெரும்பாலும் ஆய்வுத் திட்டமொன்றில் பதவி விளம்பரம் செய்து ஆளெடுப்பர். அங்கே யேனா நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் இரசாயனச் சூழலியல் நிறுவனம், தாவரங்களும் பூச்சிகளும் இரசாயனப் பொருள்களால் நடத்தும் போரையும் நட்பையும் ஆராய்வதற்கென்றே 1996இல் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் நான்காண்டு இளமாணிப் பட்டத்தோடு நேரே கலாநிதிப் படிப்பிற் சேரலாம். ஐந்து, ஆறு ஆண்டுகள் செல்லும். இளநிலை மாணவருக்குச் செய்முறை வகுப்பு நடத்துவதற்கோ, பேராசிரியரின் ஆய்வில் உதவுவதற்கோ கட்டண விலக்கும் மாதந்தோறும் வாழ்க்கைச் செலவும் அளிப்பர். பிரித்தானியாவில் மூன்று முதல் நான்கு ஆண்டுகள். அந்நாட்டு ஆராய்ச்சி மன்றங்களின் உதவிக்கு முன்னர் பிறநாட்டினர் பெரும்பாலும் தகுதி பெறவில்லை. 2021 முதல் ஒரு பங்கு இடங்கள் அவர்களுக்கும் திறக்கப்பட்டுள்ளன. 1959இல் ஒக்ஸ்போட் மாநாட்டில் உருவான பொதுநலவாயப் புலமைப்பரிசில் திட்டமும் உண்டு. அதன் விதிகள் ஆண்டுதோறும் மாறுவதால் அவ்வவ்வாண்டு அறிவித்தலைப் பார்த்தே விண்ணப்பிக்க வேண்டும்.

இவற்றுள் எதற்கும் முகவர் தேவையில்லை. உதவித்தொகையோடு கூடிய ஆய்விடத்தைப் பெற்றுத் தருவதாகச் சொல்லி எவரேனும் பணம் கேட்டால் அவரை வாசலோடு அனுப்பிவிடலாம். இடம் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை, சொந்தச் செலவில் வரலாம் என்று கடிதம் வருமாயின், அதை மறுப்பதே தோட்டத்துக் குடும்பத்துக்கு நல்லது. அடுத்த ஆண்டு வேறிடத்துக்கு எழுதலாம். பட்ட கடனை ஒரு தலைமுறைக்குள் அடைப்பது கடினம். விண்ணப்பக் கட்டணம், ஆங்கிலத் தேர்வுக் கட்டணம், விசாக் கட்டணம், முதற் பயணம் ஆகியவற்றுக்குச் சிறிது கைப்பொருள் வேண்டியிருக்கும் என்பதையும் மறைத்தல் ஆகாது. விண்ணப்பக் கட்டணத்தை விலக்கும்படி கேட்டால் விலக்கித் தரும் பல்கலைக்கழகங்களும் உண்டு. கேட்பதில் இழுக்கில்லை.

பேராசிரியருக்கு எழுதும் கடிதம் இதில் முக்கியமானது. நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவோர் பலர். அத்தகைய கடிதங்களுக்குப் பதில் வருவது அரிது. ஒருவரின் இரண்டு கட்டுரைகளையாவது ஊன்றிப் படித்து, அவற்றில் எழும் ஒரு கேள்வியைக் குறிப்பிட்டு, தான் இதுவரை செய்த வேலையைப் பத்து வரிகளில் சொல்லி எழுதினால் அதற்குத் தனி மதிப்புண்டு. புகழ்மொழி வேண்டியதில்லை. ‘மதிப்புக்குரிய பெருந்தகையே’ என்று தொடங்கித் தன் வறுமையை விரிப்பதைவிட, ஒரு மரத்தில் எத்தனை கொப்புகளைப் பார்த்தார், எத்தனையில் துவாரம் இருந்தது என்று எழுதுவது நூறு மடங்கு மேல். கடல் கடந்து வாழும் அறிஞருக்கு மாணவரின் பிறந்த ஊரோ தந்தையின் தொழிலோ தெரியாது. அந்த ஒரு விஷயத்தில் இத்துறை சமனான களம்.

ஆனால் அக்களத்தை அடையும் வரையுள்ள பாதை சமனானதன்று. க.பொ.த. உயர்தரத்தில் உயிரியற் பிரிவை எடுக்க வேண்டும். அப்பிரிவு தமிழ்மொழியில் நடைபெறும் பாடசாலைகள் கேகாலை மாவட்டத்துத் தோட்டப் பகுதிகளில் மிகக் குறைவு. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் 1970களிலிருந்தே படிப்படியாகப் பொறுப்பேற்றது. இலவசக் கல்வி 1945இல் நாடு முழுவதுக்கும் வந்தபோது அது லயன்களின் வாசலை வந்தடைய மேலும் ஒரு தலைமுறை சென்றது. அதன் விளைவு இன்றும் தொடர்கிறது. நன்றாகப் படிக்கும் பிள்ளை விஞ்ஞானம் கற்க வீட்டைவிட்டு உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்க நேர்கிறது. பெண்பிள்ளையாயின் அத்தோடு பள்ளிப்படிப்பு நின்றுவிடுவதும் உண்டு. வெளிநாட்டுப் புலமைப்பரிசில்கள் எத்தனை இருந்தாலும், பதினாறு வயதில் இப்பாதையை விட்டு விலகிய பிள்ளைக்கு அவற்றால் பயனில்லை. ஆகவே கலாநிதிப் பட்டத்துக்கான முதற் புலமைப்பரிசில், பதினொராம் வகுப்பு முடித்த பிள்ளையை அருகிலுள்ள நகரத்தின் விஞ்ஞானப் பிரிவில் தங்கிப் படிக்கவைக்கும் பேருந்துக் கட்டணமும் விடுதிச் செலவுமே எனலாம். அதைத் திரட்டுவது ஒரு தோட்டத்தின் நலன்புரிச் சங்கத்தாலும் இயலக் கூடியது.

உயர்தரத்தைக் கடந்தபின் பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு, சபரகமுவ முதலிய பல்கலைக்கழகங்களில் விஞ்ஞானமோ விவசாயமோ கற்கலாம். வரக்காப்பொலையிலிருந்து கண்டிப் பேருந்தில் ஏறினால் பேராதனை வழியிலேயே இருக்கிறது. அங்கே மூன்றாண்டுப் பொதுப்பட்டத்தோடு நின்றுவிடாமல், ஆய்வுக் கட்டுரையோடு கூடிய நான்காண்டுச் சிறப்புப் பட்டத்தை நாடுவது அவசியம். வெளிநாட்டுத் தேர்வாளர் முதலில் நோக்குவது அந்த ஆய்வுக் கட்டுரையையே. புள்ளிவிபரவியலைத் தள்ளிவைக்கலாகாது. பூச்சியை விரும்பி இத்துறைக்கு வரும் மாணவர் கணக்குக்கு அஞ்சி விலகுவது அடிக்கடி நிகழ்வது. கதிரவேற்பிள்ளையின் பங்கு அக்கட்டுரையில் எதுவென்பதை அவர்கள் நினைவிற் கொள்ளலாம். ஆங்கிலமும் அவ்வாறே. தமிழில் தெளிவாகச் சிந்தித்தவர் ஈராண்டு முயன்றால் விஞ்ஞான ஆங்கிலத்தைக் கைவரச் செய்துகொள்ள இயலும்.

அங்கு சென்றபின் இந்நாட்டு மரங்களைப் பற்றியே ஆராய விரும்புவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். காட்டிலிருந்து இலையையோ பூச்சியையோ எடுத்துப் பையில் வைத்து விமானமேறுதல் குற்றம். வனத் திணைக்களம், வனசீவராசிகள் திணைக்களம் ஆகியவற்றின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். அதற்கு மாதங்கள் செல்லும். இவ்விதிகள் மாணவருக்கு இடையூறாகத் தோன்றினும் காரணமின்றி ஏற்பட்டவை அல்ல. இந்நாட்டு உயிரினங்கள் பிற நாட்டு அருங்காட்சியகங்களுக்கு யாரையும் கேளாமலே சென்ற காலம் ஒன்றிருந்தது.

திரும்பி வருவதா, தங்கிவிடுவதா என்பது வேறு கேள்வி. பல்கலைக்கழக ஆசிரியராக இருந்து விடுமுறையிற் செல்வோர் பிணைமுறி எழுதிக் கொடுத்தே செல்கின்றனர். திரும்பி வந்து குறித்த ஆண்டுகள் சேவை செய்யாவிடின் பணத்தைக் கட்ட வேண்டும். பிணை இல்லாதோரைக் கட்டுப்படுத்துவது எதுவுமில்லை. திரும்புவோர்க்கு இங்கே ஆய்வுகூட வசதி குறைவு, ஊதியம் குறைவு. ஆயினும் வெப்பவலயக் காட்டின் மரமும் பூச்சியும் இங்கேதான் இருக்கின்றன. மொன்றியலில் பனிக்காலத்தில் மரங்கள் இலையின்றி நிற்கும்போதும் சிங்கராஜவில் வண்டுகள் வேலை செய்கின்றன.

வரக்காப்பொலச் சுற்றுவட்டத்திலேயே கேட்கப்படத்தக்க கேள்விகள் உள. இறப்பர் மரம் அமேசன் காட்டுக்குரியது. 1876இல் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து கன்றுகளாக இந்நாட்டுக்கு வந்து, வரக்காப்பொலையிலிருந்து அதிக தூரத்தில் இல்லாத ஹெனரத்கொடையில் நடப்பட்டது. வந்தது கன்று மட்டுமே. தாயகத்தில் அதன் பூவுக்கு வந்த சிறு ஈக்களும், அதன் இலையைத் தின்ற புழுக்களும் வரவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளாக இந்நாட்டுப் பூச்சிகளுட் சில அந்த வெற்றிடங்களை நிரப்பி வருகின்றன. எவை, எப்படி, எவ்வளவு விரைவாக? தை, மாசி மாதங்களில் இறப்பர் இலையுதிர்த்துத் துளிர்க்கும். துளிரோடு சிறு மஞ்சட் பூங்கொத்துகள் தோன்றும். ஒரு வகுப்பிலுள்ள பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து மரமாகப் பிரித்துக்கொண்டு, இலையுதிர்ந்த நாள், துளிர்த்த நாள், பூத்த நாள், காலையிலும் மாலையிலும் கால் மணி நேரத்துக்குள் பூவில் வந்தமர்ந்த பூச்சிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொப்பியில் கோடு கிழித்துப் பதிந்து வரலாம். நுணுக்குக்காட்டி வேண்டியதில்லை, பூச்சியின் பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் அளவையும் எழுதினாற் போதும். கொப்பியின் முதற்பக்கத்தில் தோட்டத்தின் பெயரையும் பிரிவின் இலக்கத்தையும் ஆண்டையும் எழுத மறக்கக் கூடாது. தொடர்ந்து நான்கைந்து ஆண்டுகள் பதிந்த அத்தகைய கொப்பியை, பின்னாளில் ஒரு பேராசிரியருக்கு எழுதும் கடிதத்தோடு இணைத்து அனுப்பலாம்.